மூச்சு வாங்கியதை நான் சொல்லவில்லை

எங்கள் லேபுக்குக் கீழே புதிதாகக் கேன்டீன் வைத்திருக்கிறார்கள். பதினோரு மணிக்குச் சோறு வடிக்கிறார்கள். கஞ்சியின் ஆவி ஜன்னல் வழியாக ஏறி நேராக என் மேஜைக்கு வருகிறது. மற்றவர்கள் அதை மோந்ததும் பசிக்கிறது என்கிறார்கள். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். சித்தூர் வெயிலில் ஏன் சாத்துகிறாய் என்று யாராவது கேட்டால், ஸ்லைடில் தூசு விழுகிறது என்று சொல்லிவைக்கிறேன். நீ இருந்திருந்தால் அந்தப் பொய்யை உடனே பிடித்திருப்பாய்.

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. பக்கத்து மைக்ராஸ்கோப்பில் இப்போது ஒரு பெண் உட்காருகிறாள். நல்லவள்தான். அவளிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு எனக்கு வரவில்லை.

திருப்பதியில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் தமிழ் வீட்டுப் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். நீ சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள். சார் தெலுங்கில் வேகமாகச் சொல்வதை நீ என் நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக் காட்டுவாய். முதல்முறை ரத்தத்துளியைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, லென்ஸுக்குக் கீழே வைத்த நாள் நினைவிருக்கிறது. ஊதா நிறத்தில் மூன்று நான்கு துண்டாகப் பிரிந்த கருவோடு அந்த நியூட்ரோஃபில்கள் தெரிந்தன. உடம்பில் எங்கே காயம்பட்டாலும் முதலில் ஓடிவருகிற வெள்ளை அணுக்கள் அவைதான் என்றார் சார். நீ என் தோளை இடித்து, "இவங்கதான்டி நம்ம ஆளுங்க" என்றாய். அதன்பிறகு பதினோரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மேஜையில் அவர்களை எண்ணினோம். எண்ணிக்கை ஏறியிருந்தால் நம்ம ஆளுங்க கிளம்பிட்டாங்க என்பாய். எனக்கும் அது பழகிப்போயிற்று.

அன்றைக்கு உங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரிய அண்டாவில் சோறு வெந்திருந்தது. வடிப்பதற்கு ஆள் குறைகிறது என்று நீ போய் ஒரு பக்கம் துணியால் அண்டாவைப் பிடித்தாய். எதிர்ப்பக்கம் பிடித்தவருக்குத் துணி வழுக்கிவிட்டது. கொதிக்கிற கஞ்சி வயிற்றிலிருந்து பாதம்வரைக்கும் உன்மேல் சாய்ந்தது. உன் வீட்டுக்காரர் போனில் அழுகிற சத்தம் கேட்டு நான் நம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, திருப்பதிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. நானும் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் நீதான் எனக்குத் தைரியம் சொன்னாய். முகம் தப்பித்தது என்றாய். நெருப்பு இல்லை, புகை இல்லை, தோல்தானே, வளர்ந்துவிடும் என்றாய். வலி ஊசி போட்டிருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது. பாகாலா தாண்டும்போது, பாப்பாவுக்குத் தலைபின்ன அவள் அப்பாவுக்குத் தெரியாது, உன் தங்கையை வரச்சொல்ல வேண்டும் என்று கவலைப்பட்டாய். பாப்பாவுக்கு அப்போது எட்டு வயது.

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் ரத்த ரிப்போர்ட் வந்தது. வெள்ளை அணுக்கள் இருபதாயிரத்தைத் தாண்டியிருந்தன. இன்னும் முழுதாய் முதிராத, லாடம்போல் வளைந்த கருவுள்ள இளம் அணுக்களும் நிறைய இருந்தன. எலும்பு மஜ்ஜை கையிலிருந்ததையெல்லாம் வாரி ரத்தத்தில் விட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெரிய தீக்காயத்தில் அப்படி ஏறும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எண்ணிக்கையைச் சொன்னதும், நம்ம ஆளுங்க கிளம்பிட்டாங்க என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"காலையிலிருந்து லேசா மூச்சு வாங்குதுடி. யாருகிட்டயும் சொல்லாத."

ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா ஐசியூவுக்குத் தூக்கினு போயிடுவாங்க. அங்க பசங்கள விடமாட்டாங்க. நாளைக்குப் பாப்பா வருது. அதப் பாத்துட்டு நானே சொல்லிக்கிறேன்."

நர்ஸ் வந்து மூச்சு சிரமமாக இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டார். நீ தலையை ஆட்டி இல்லை என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் ஆக்ஸிஜன் இரண்டு புள்ளி குறைந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். புகை உள்ளே போகவில்லை, நெஞ்சில் காயமில்லை, வலியில் மூச்சு வாங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பாப்பாவை அவள் அப்பா கூட்டிவந்தார். பத்து நிமிஷம் விட்டார்கள். நீ தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளிடம் ஹோம்வொர்க் கேட்டாய். காலையில் என்ன தின்றாள் என்று கேட்டாய். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் வாயை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவள் கதவைத் தாண்டியதும் உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் பஞ்சு வைத்து அடைத்ததுபோல வெளுத்திருந்தன. ஐசியூவுக்குக் கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். அதற்குப்பின் நீ பேசவில்லை. ஐந்தாம் நாள் சாயந்தரம் போய்விட்டாய்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. நானும் லேப் ஆள் என்று தெரிந்ததால் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். பெரிய அளவில் தோல் வெந்தால், செத்த திசுக்களிலிருந்து ஆபத்து ஆபத்து என்கிற செய்தி ரத்தம் முழுக்கப் பரவுமாம். நியூட்ரோஃபில்கள் கூட்டமாகக் கிளம்பும். அந்த வேகத்தில் அவை விறைத்துப்போய், நுரையீரலின் மயிரிழை ரத்தக்குழாய்களில் மாட்டிக்கொள்ளும். கிருமியைக் கொல்ல வைத்திருந்த நஞ்சையெல்லாம் அங்கேயே கொட்டும். தம்மையே கிழித்து வலைபோல வீசும். குழாயின் சுவர் அரித்துப்போய் நீர் கசிந்து, காற்று நிற்கவேண்டிய அறைகள் நிரம்பிவிடும். காயம் பட்டது வயிற்றிலும் காலிலும், மூழ்கியது நெஞ்சு. ரத்தத்தைக் கல்ச்சர் வைத்ததில் ஏதாவது கிருமி வளர்ந்ததா என்று கேட்டேன். ஒன்றும் வளரவில்லை என்றார். ஒரு கிருமியாவது இருந்திருந்தால் அதைத் திட்டியிருப்பேன். யாரும் இல்லை. நம்ம ஆளுங்கதான்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். மூச்சுத் திணறல் எப்போது ஆரம்பித்தது?

இன்றைக்குவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். ஐசியூவுக்குக் கொண்டுபோன அன்று காலையில்தான் என்று சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். முந்தின நாளே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா என்று நான் கேட்கவில்லை. பிழைத்திருக்க மாட்டாய் என்றும் இருக்கலாம். அந்தப் பதிலும் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

உன் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். கடைசிவரை கூடவே இருந்தீங்க என்கிறார். உங்கள் சர்ச்சில் எனக்காக ஜெபம் செய்தார்களாம். என் வீட்டில் அம்மா, திருமலைக்குப் போய்வந்தால் மனசு ஆறும் என்றாள். போனேன். வரிசையில் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். படியில் யாரோ ஒரு அம்மா மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி வர எனக்கு வெகு நேரம் பிடித்தது.

வேலை செய்துகொண்டுதான் இருக்கிறேன். எண்ணுகிறேன், எழுதுகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். எண்ணிக்கை ஏறிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நல்லதுதானேம்மா என்று கேட்டால், டாக்டரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வயதாகிறது. தானே தலை பின்னிக்கொள்கிறாள், கொஞ்சம் கோணல். நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு நான் வந்தப்ப அம்மா நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க, இல்ல பெரிம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அவங்களுக்கு வலியே இல்ல போல. சிரிச்சிக்கினே இருந்தாங்க."

அதற்கும் ஆமாம் என்றேன். அவளிடம் உன்னுடையதென்று இருப்பது அந்தப் பத்து நிமிஷம்தான். அது எதைக் கொடுத்து வாங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் அட்டையின் ஓரத்தை மடித்து ஒட்டச் சொன்னாள். நான் ஒட்டிக்கொடுத்தேன்.