அறுபது பிடி

செப்டம்பர் 4, புதன்

சில்சாரிலிருந்து எங்கள் மலை ஊருக்கு வரும் பாதையில் மறுபடி மண்சரிவு. என் கடைக்கு வரவேண்டிய தகர லாரி வழியில் நிற்கிறது. மழைக்காலத்தில் கூரைத் தகரம் இல்லாத தகரக் கடை!

மனைவி தாங்கி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு ஐந்து நாள். வயிற்றில் புற்று. இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தேன். அவளே, "எவ்வளவு நாள்னு சொன்னாரு?" என்றாள். தெரியாது என்றேன். "சரி, சோத்தை குழைய விடாதீங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இப்போதுதான் உலை வைக்கக் கற்றுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

என் மீது எனக்கே எரிச்சல்.

தாங்கி படுத்ததிலிருந்து, சபைக்கு வைக்கும் பிடியரிசியை நான்தான் எடுத்துவைக்க வேண்டும். உலை வைக்குமுன் வேளைக்கு ஒரு பிடி. முதல் இரண்டு நாளும் மறந்தேபோனது. ஆணியைக் கடையில் ஒவ்வொன்றாகவா எண்ணி விற்கிறோம்? மாதம் முப்பது நாள், நாளுக்கு இரண்டு வேளை, அறுபது பிடி. மூட்டையிலிருந்து ஒரேயடியாக அள்ளி டப்பாவில் போட்டேன். குறை வரக்கூடாதென்று மேலே ஐந்து பிடி.

இன்று சபைக்காக வீடு வீடாக அரிசி சேர்க்க வந்த பி ரோபுயி டப்பாவைத் தூக்க முடியாமல், "என்ன பு, வீட்டுல கல்யாணமா?" என்று மரியாதை குறையாமல் கேட்டார். கணக்கை விளக்கினேன். பெருமையாகத்தான் விளக்கினேன். அந்த அம்மாள் பையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

உள்ளே கட்டிலிலிருந்து தாங்கியும் சிரித்தாள். வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரினி அப்பா, அப்படியே ஒரு மாச மூச்சையும் சேத்து விட்டுடுங்களேன்!"

பி ரோபுயி போன பிறகு பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். சபைக்குக் குறைவில்லையே, பிறகென்ன என்றேன்.

"சபைக்குக் குறைவில்ல. எனக்குத்தான். கை அரிசிக்குள்ள இருக்கிற அந்த ஒரு நிமிஷந்தான் நான் ஆண்டவரோட பேசுறது. வேற எப்ப பேசினேன்? கோயில்ல நான் தூங்கிருவேன்னு உங்களுக்கே தெரியும். நான் இல்லாதப்போ நீங்களாவது நிப்பீங்கன்னு பாத்தேன்."

நான் கடைக்குப் போய்விட்டேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 11, புதன்

லாரி வந்தது.

பிடியரிசியை இரண்டு வேளையும் நின்று எடுத்தேன். கண்ணையும் மூடினேன். ஒன்றுமில்லை. கையில் அரிசிதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

போதகரைப் பார்த்து, தாங்கி எழுந்து நடந்தால் சபை மண்டபத்துக்கு முழுக் கூரையும் என் செலவு என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். நான் வீடு திரும்புவதற்குள் எப்படியோ தாங்கிக்குச் செய்தி வந்துவிட்டது.

"ஆணியும் சேத்தா, இல்ல ஆணி தனியா?"

"விளையாடாத."

"நீங்கதான் விளையாடுறீங்க. ஆண்டவர்கிட்ட போய் பேரம் பேசிட்டு வர்றீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் போனா யார்கூட பேசுவீங்க?"

ரினி இருக்கிறாளே என்றேன்.

"அவ பெங்களூர்ல. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசுவா. மிச்ச நாளு? உங்களுக்குப் பேச ஆளில்லாம விட்டுட்டுப் போறேனேன்னுதான் எனக்குக் கவலை. வலியக்கூட பொறுத்துக்கலாம்."

எனக்கு அவரோடு பேசத் தெரியவில்லையே, தாங்கி. சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறேன். காணிக்கையில் ஒரு வாரம் தவறியதில்லை. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் கடன் கேட்டு வந்தவன் மாதிரி வாய் திறக்கமாட்டேன் என்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

கஞ்சியும் இறங்கவில்லை. கடை திறக்கவில்லை.

வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்தேன். தோள் எலும்பு கையில் குத்துகிறது. மலைக் கிராமத்திலிருந்து என்னோடு முதுகில் கூடை சுமந்து இறங்கி வந்த தோள். "பரவால்ல, நல்லாத்தான் துடைக்கிறீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேலைக்கு வச்சிருப்பேன்" என்றாள்.

மழை. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பேச முடியவில்லை. சாயங்காலம் வரை பக்கத்தில் இருந்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

ரினி வந்துவிட்டாள். அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது.

அக்டோபர் 5, சனி

காலை ஆறே காலுக்குத் தாங்கி போய்விட்டாள்.

அக்டோபர் 12, சனி

ஒரு வாரமாக எழுதவில்லை.

அவள் போனதை ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்த அரைமணி நேரத்தில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மண்வெட்டியோடு கல்லறைக்குப் போய்விட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. வீடு கொள்ளாத கூட்டம். துக்கப் பாட்டுகள் தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. மோட்சத்தைப் பற்றி என்ன பாட்டு வேண்டிக்கிடக்கிறது? அவள் இங்கே வேண்டும் எனக்கு. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கே பின்னாலேயே பு சோமுவானா வந்தார். எதிர்க் கடைக்காரர். பள்ளிக்கூடத்துக் கூரை ஆர்டரை நான் பிடுங்கிக்கொண்டதில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

அதுபோல ஏழு சாயங்காலமும் வந்தார். கடையை அடைத்துவிட்டு வருவார், சர்க்கரையில்லாத தேநீர் குடிப்பார், உட்கார்ந்திருப்பார். ஆறுதல் வசனம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் இருந்த நேரத்தில் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இன்று எழுந்திருக்கும்போது கேட்டார்: "திங்கக்கிழமை கடை திறப்பீங்களா?"

"திறக்கணும்."

"திறங்க. எதிர்ல பூட்டிக் கிடந்தா எனக்கும் வியாபாரம் பண்ணத் தோணல."

பிடியரிசியைப் பற்றித் தாங்கி சொன்னது இதுதானா? யாரோ கூட இருப்பது என்பது? கேட்கலாமென்றால் அவள் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ரினி கிளம்பினாள். வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவா?

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானம் ஒலிபெருக்கியில் கீழ்த்தெருவில் ஒரு மரணம் அறிவித்தார்கள். சுமை தூக்குகிற ஒருவரின் மனைவி. எனக்குப் பழக்கமில்லாத வீடு. கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். தகரம் வேண்டுமென்றவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டுப் பூட்டினேன்.

கீழ்த்தெருவுக்கு இருநூறு படிக்கு மேல். இறங்கும்போது வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு போயிருக்கிறேன் — அந்த மனுஷனிடம் நான் என்ன சொல்லட்டும், எனக்கு ஒன்றும் வராதே என்று. தாங்கியிடம்தான் புலம்புகிறேன் என்று நினைத்தேன். பாதிப் படியில்தான் கவனித்தேன்: அவளை நான் ஆண்டவரே என்று கூப்பிட்டதில்லை.

சின்ன வீடு. அவர் வாசல் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க?"

"மேல்தெரு. தகரக் கடை."

என் முகத்தையே பார்த்தார். "உங்க வீட்டம்மாவும்..."

"ஆமா. முப்பத்தெட்டு நாளாச்சு."

அவர் நகர்ந்து இடம் விட்டார். உள்ளே பாட ஆரம்பித்தார்கள். அவரால் எழுந்து உள்ளே போக முடியவில்லை. நானும் போகவில்லை.

நாளைக்கும் போகவேண்டும்.