போனில் அம்மா நன்றாக இருக்கிறாள்

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள். அடுத்த வரியாக இங்கே எல்லோரும் சுகம் என்று வரும், அம்மா சொல்லச் சொல்ல அதைத்தான் எப்போதும் எழுதியிருக்கிறேன். இந்த முறை, உனக்குத் தோணுறத நீயே எழுதுடி என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். பயந்துவிடாதே, கால் இருக்கிறது, விரலும் இதுவரை இருக்கிறது.

போன முறை வந்தபோது சர்க்கரை நோய்க்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் என்று அம்மாவின் போனில் பேசுகிற ஒரு சாட்பாட்டைப் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு நான் போன்காரி என்று பேர் வைத்திருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. காலையில் போன்காரி வணக்கம் சொல்வாள், இன்று எப்படி இருக்கிறீர்கள் என்பாள், மாத்திரை போட்டீர்களா என்பாள், அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆமா கண்ணு, போட்டுட்டேன் கண்ணு என்பாள். கண்ணு என்று அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள் அக்கா, உன்னைக்கூடப் பெரியவளே என்றுதான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு தையல் கம்பெனிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து, அம்மா விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதும், வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவித் துடைத்து விரலிடுக்கையெல்லாம் பிரித்துப் பார்ப்பதும் நான்தான். ஒருநாள் வாளியோடு போனால், அதான் அது எல்லாத்தையும் கேட்டுக்குதே, நீ எதுக்கு என் காலைப் பிடிச்சிக்கிட்டு, போய் உக்காரு என்றாள். அதோடு விட்டாளா, குரலப் பாரேன், பெரியவளே பேசற மாதிரி இல்லியா என்று வேறு கேட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நீ அங்கே இருந்துகொண்டு இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டாய், பக்கத்திலேயே இருக்கிற நான் வாளியும் கையுமாக நிற்கிறேன். அன்றிலிருந்து அம்மா எனக்குக் காலைக் காட்டவே இல்லை.

கம்பெனியில் அம்மா துணியில் பிசிறு வெட்டுகிறாள், நான் பொத்தான் தைக்கிறேன். மிஷினில் ஊசி ஒடிந்து விழுந்தால் சூப்பர்வைசர் குச்சியில் காந்தம் கட்டித் தரையைத் துழாவி எடுப்பார், எல்லாம் அகப்படாது. போன வாரம் வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவின் ஒரு செருப்பு மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டது. கல்லு மாட்டியிருக்கும், வாடி என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றினால் கழலவில்லை. நான் குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தேன் அக்கா, செருப்புக்கு அடியில் ஊசியின் தடித்த முனை பளபளவென்று துருத்திக்கொண்டிருந்தது, மறுமுனை அம்மாவின் பாதத்துக்குள். சர்க்கரையால் மரத்துப்போன கால், அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. நான் பிடுங்கக் கை வைத்தேன், இரு இரு, அதக் கேட்டுட்டுச் செய்யலாம் என்று போனை எடுத்தாள். போன்காரி வழக்கம்போல எப்படி இருக்கிறீர்கள் என்றாள். செருப்பு காலோடு தைத்துக் கிடக்கிறது, அம்மா நல்லா இருக்கேன் கண்ணு என்கிறாள். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராத நான், பொய், கால்ல ஊசி ஏறியிருக்கு என்று கத்தினேன். போன்காரி உடனே, பிடுங்க வேண்டாம், காலை ஊன்ற வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். அவள் சொன்னதுதான் சரி, நான் பிடுங்கியிருந்தால் உள்ளேயே ஒடிந்திருக்குமாம். அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

ஆஸ்பத்திரியில் செருப்பை வெட்டி ஊசியை எடுத்தார்கள். அப்போதுதான் சுண்டுவிரலுக்கு அடியில் வேறொரு பழைய புண் இருந்தது தெரிந்தது. விரல் கறுத்திருக்கிறது, மருந்துக்குக் கேட்டால் தப்பிக்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலைத் தினமும் யார் பார்க்கிறது என்று நர்ஸ் கேட்டதற்கு அம்மா கூசாமல் போனைக் காட்டினாள். அதுக்குக் காலைக் காட்டுனீங்களாம்மா என்றாள் நர்ஸ். அதெப்படிங்க, அவ்வளவு மரியாதையா பேசற பொண்ணு முன்னால காலை நீட்டுறது என்றாள் அம்மா. புண் இருக்கா என்று போன்காரி கேட்டபோதெல்லாம், அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு என்றே சொல்லி வந்திருக்கிறாள். ஏம்மா என்றால், நலம் விசாரிக்கிறவங்ககிட்ட எடுத்த எடுப்புல நோவையா சொல்லுவாங்க என்கிறாள். அதைத்தான் போன்காரி தினமும் உன் போனுக்கு, எல்லாம் சுகம் என்று பச்சைப் புள்ளி வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள், நீயும் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறாய்.

இப்போது வாளி மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. இன்று காலை போன்காரி காலைப் பற்றிக் கேட்டதும் அம்மா போனை என் பக்கம் நீட்டி, என் காலப் பத்தி இவகிட்ட கேளு கண்ணு, இவ என் சின்னவ, இவளுக்குத்தான் தெரியும் என்றாள். கண்ணு இன்னும் அவளுக்குத்தான், பார்த்தாயா. ஆனாலும் நான் பதில் சொன்னேன், வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, கறுப்பு அப்படியே இருக்கிறது என்று.

நீ நல்லபடியாக நீண்ட நாள் இருக்க வேண்டும், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே என்று அம்மா சொல்கிறாள். நான் சொல்வது ஒன்றுதான், பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு இருந்துவிடாதே. அம்மாவிடம் எப்படி இருக்கே என்று கேட்காதே, போனைச் சின்னவகிட்ட குடும்மா என்று கேள். காலைப் பற்றி என்னிடம் கேள், கேட்டுவிட்டு உடனே வைத்துவிடாதே.

அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் சின்னவள்