மஞ்சுளா மைக்கில் சொன்ன வார்த்தை

ஆயுத பூஜை, இரவு.

கண்ணை மூடினால் மஞ்சுளாதான் மேடையில் நிற்கிறாள்.

கம்பெனியில் பூஜை. எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தோம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் கலைநிகழ்ச்சி. என்னோடு அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்கிற மஞ்சுளா, காமெடி பண்ணுகிறேன் என்று மைக்கை வாங்கினாள்.

"எங்க சூப்பர்வைசருக்குப் பாரபட்சமே கிடையாது. தமிழ்ப் பொண்ணைத் தமிழ்ல திட்டுவாரு, கன்னடப் பொண்ணைக் கன்னடத்துல, தெலுங்குப் பொண்ணைத் தெலுங்குல. யாருக்கும் புரியாம போயிடக் கூடாதுல்ல!"

எல்லோரும் சிரித்தோம். உடனே, அவர் தினமும் எங்களைக் கூப்பிடுகிற கெட்ட வார்த்தையை அவர் குரலிலேயே மூன்று பாஷையிலும் சொன்னாள். இங்கே எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

எச்ஆர் சார் ஓடி வந்தார். "ஃபேமிலி எல்லாம் இருக்காங்கம்மா. இதெல்லாம் பேசலாமா?"

"லைன்ல அவரு பேசறப்ப நீங்க ஓடி வரலையே சார்."

அடேயப்பா! இத்தனைக்கும் அவளும் என்னை மாதிரி கான்ட்ராக்ட்தான். அவளை இனி உள்ளே விடுவார்களோ என்னவோ.

சூப்பர்வைசர் தன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பொரிப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து வேலைக்குப் போனால் எங்களைக் கூப்பிட அவருக்கு வேறு வார்த்தை வேண்டும். எங்கள் பெயராவது அவருக்குத் தெரியுமா?