டெய்சி டீச்சர் வீட்டுக் குளியலறைக் கதவு

14 நவம்பர் 1991, வியாழன். பம்மல்.

காலையில் பக்கத்து வீட்டு டெய்சி டீச்சர் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதன் மேலேயே சாய்ந்து கிடந்தார்.

“உடைச்சிடுப்பா!” என்று அவர் கணவர் கத்தினார்.

“உடைச்சா டீச்சர் மேலதான் சார் வுழும். தாழ்ப்பா பக்கத்துல ஓட்டை போட்டு கைய வுடலாம்,” என்றேன்.

என் தச்சுப் பட்டறையிலிருந்து டிரில்லைக் கொண்டு ஓடினேன். தட்டை அலகுள்ள பிளாட் பிட் வேகமாக இறங்கும். ஆனால் அது போடும் ஓட்டையில் இரண்டு விரல்தான் போகும். முனையும் நீளம், மறுபக்கம் திடீரென்று பாயும். டீச்சரின் தலை எங்கே இருக்கிறதோ தெரியாது. அதனால் வட்டமாக அறுக்கும் ஹோல் சாவை மாட்டினேன். மரத்தில் வட்டம் பதிந்ததுமே ஹோல் சாவின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கூர் பிட்டைக் கழற்றிவிட்டேன்.

“இன்னும் எவ்ளோ நேரம்பா?” என்று சார் அழுதார். நான் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கடைசியில் மிஞ்சிய மெல்லிய பலகையை உளியால் நெம்பி எடுத்தேன்.

என் கை நுழையவில்லை. என் மனைவி கலா வளையல்களைக் கழற்றிவிட்டுக் கையை விட்டாள்.

“முடி படுதுங்க,” என்றாள்.

ஓட்டைக்கு நேர் பின்னால் டீச்சரின் தலை. கலா தடவித் தடவித் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை மெல்லத் தள்ளித் திறந்தோம்.

சர்க்கரை இறங்கிவிட்டதாம். மாலையில் ஆஸ்பத்திரியில் கண் விழித்துக் காபி கேட்டிருக்கிறார். கலா நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் கண்ணை மூடினால் அந்தப் பிட்டைக் கழற்றாமல் அழுத்திக்கொண்டே போயிருந்தால் என்ற நினைப்புதான் வருகிறது.