நைனா, மேய்க்கால் காடாகிவிட்டது

நைனா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது, ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி கடந்து போனது. மழையில் நனைந்த ஆட்டு மயிரின் வாடை. உன் சட்டையில், உன் போர்வையில், நீ சாப்பிட உட்காரும் மூலையில் எப்போதும் இருந்த வாடை. எளாவூர் பஸ் வந்தும் நான் ஏறவில்லை.

நீ ஆடு மேய்த்த நம் ஊர் மேய்க்காலில் மறுபடி காடு வளர்க்கலாம் என்று நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் ஊர்க்கூட்டம் போட்ட நாள் நினைவிருக்கிறது. மரங்கள் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கரியை அளந்து, எங்கோ புகைவிடும் வெளிநாட்டுக் கம்பெனி ஊருக்குப் பணம் கொடுக்கும். அதற்குப் பெயர் கார்பன் கிரெடிட் என்று எங்கள் அதிகாரி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் எழுந்தாய்.

"மரத்துக்கு டப்பு தருவான், சரி. என் ஆடு எங்க போவும்? அத்த சொல்லு சார்."

வேறு இடம் காட்டுகிறோம் என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். ஆனால் சுற்றிலும் மிச்சமிருந்த நிலத்தில் எல்லாம் தொழிற்சாலைச் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. காட்ட இடமில்லை.

வேலிகாத்தான் முட்செடிகளை வெட்டி எடுத்த குழிகளில் நாங்கள் வீரை, காசான், பாலை மரக்கன்றுகளை நட்டு, சுற்றிலும் வேலி போட்டோம். நீ ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றாய். கடைசியாகக் கருப்பியைப் பிடித்துக்கொண்டு போனவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, உள்ளே வந்து படுத்துக்கொண்டாய். அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. நீலச் சட்டை உனக்குத் தோளில் தொளதொளத்தது. "ஆடு ஓட்டுன வாயால லாரிக்கு விசில் ஊதிக்கினு கீறேன்" என்று நீ சொல்ல, நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. என்னோடு பேச்சை நிறுத்தியவனும் இல்லை நீ. ஆனால் வேலிக்குள் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அந்தக் கோடை. நெடுஞ்சாலை ஓரம் யாரோ போட்ட பீடி காய்ந்த புல்லில் பற்றி, மதியக் காற்றில் வேலியைத் தாண்டிவிட்டது. நாங்கள் குடங்களோடு ஓடியபோது உன் சைக்கிள் வேலியோரம் கிடந்தது. நீ உள்ளே இருந்தாய். நீலச் சட்டையைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி முக்கி நெருப்பை அடித்துக்கொண்டிருந்தாய்.

"கிட்ட வராத பாப்பா! காத்து திரும்புது!"

தீ அடங்கியபோது வேலியோரச் செடிகள்தான் போயிருந்தன. இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்த உன்னிடம், "உனக்கு எதுக்கு நைனா இது?" என்று கேட்டேன்.

"நீ தண்ணி ஊத்துன செடி. பின்ன சும்மா உட சொல்றியா?"

அந்த இருமல் நிற்கவே இல்லை. இரும்புத் தூசியில் நெஞ்சு முன்பே கெட்டிருக்கிறது, இந்தப் புகையும் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மழைக்காலம் தொடங்கும்போது உன்னால் பத்தடி நடக்க முடியவில்லை. அப்போதுதான் ஒருநாள், "என்ன உள்ள இட்டுக்கினு போ" என்றாய்.

சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். உன் ஆடுகள் கத்திக்கொண்டே வெயிலுக்கு ஒதுங்கிய பழைய நாவல் மரத்தடியில் இறக்கினேன். சுற்றிலும் செடிகள் உன் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. கைக்கு எட்டிய ஒரு வீரைக் கிளையை இழுத்து, இலையைத் தடவிப் பார்த்து, விட்டாய்.

"நல்லாத்தான் கீது பாப்பா," என்றாய். "சத்தந்தான் இல்ல."

அந்த மழை முடிவதற்குள் போய்விட்டாய்.

உன் வருஷ திதி கழிந்த பிறகுதான் கார்பன் பணம் முதல்முறையாக வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள். போர்வெல் போட்டார்கள். ஊர் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எனக்கும் அதில் சந்தோஷம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் காட்டைப் பார்க்க வந்த ஓர் அம்மாள் அதே நாவலடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா, எவ்வளவு அமைதி!" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன் நைனா. ஏதாவது ஒரு சத்தம் கேட்காதா என்று.