தாய்மாமனுக்கு ஆகாத நட்சத்திரம்

அண்ணா,

சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி நின்றது. இந்த வயதிலும் அதைப் பார்க்க எனக்குப் பயம். பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

எண்பதுகளில் திருப்பூரில் என் மகன் பிறந்தது ரோகிணியில். அதில் ஆண் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இருந்த ஒரே அண்ணன் நீங்கள். அப்படிப்பட்ட பிள்ளையை மாமன் முதலில் கிண்ணத்து எண்ணெயில் நிழலாகத்தான் பார்க்க வேண்டும். யாரும் சொல்லும் முன்பே, சாயப்பட்டறையில் ஷிப்ட் முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்துவிட்டீர்கள். விரலெல்லாம் நீலம். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நேராப் பாத்துப்போட்டியே சாமி!"

"பாத்தா என்னங்கம்மா? என்ற மருமகன் அழகாத்தான இருக்கான்" என்று சிரித்தீர்கள். அம்மாவுக்காகப் பிறகு எண்ணெயிலும் பார்த்தீர்கள். கிண்ணத்துக்குள் குனிந்ததும் உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அதைப் பார்த்த அன்று பிடித்த பயம் எனக்கு.

அதன்பின் நீங்கள் தும்மினால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும். ஒரு கார்த்திகை மாலையில் என்னை மாடிக்கு இழுத்துப் போய் அந்த நட்சத்திரத்தைக் காட்டினீர்கள்.

"இதுக்கா பயப்படறே? ஷேடு சேரலைன்னு பார்ட்டி திருப்பி அனுப்புன ஆரஞ்சுத் துணியாட்டம் இருக்குது. நம்ம சூரியனைவிட எத்தனையோ மடங்கு பெருசாமா. அத்தாம்பெருசு, திருப்பூருக்கு வந்து என்னையத் தேடிட்டிருக்குமாக்கும்?"

நானும் சிரித்தேன். பயம் மட்டும் போகவில்லை.

பையன் நாலாவது படிக்கும்போது நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். பார்க்க வந்த சொந்தங்கள் நட்சத்திரத்தைப் பற்றிக் குசுகுசுத்தது பையன் காதில் விழுந்துவிட்டது. உங்கள் கட்டிலருகே வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியே நின்றான். "நான் பாத்தா மாமாவுக்கு இன்னும் அதிகமாயிருமாங்கம்மா?" என்று கேட்டான். அதே கேள்விதான் எனக்குள்ளும் இருந்தது.

நீங்கள்தான் அவனைக் கூப்பிட்டீர்கள். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள்: "இந்த வலி நீ பொறக்கறதுக்கு முந்தியே வந்தது கண்ணு. ஊட்ல சொன்னாப் பயந்துக்குவாங்கன்னு மறச்சு வெச்சிருந்தேன்."

அவன் ஓடி வந்து உங்கள் மேல் விழுந்து அழுதான். சொந்தங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும் அண்ணா. அந்த வருஷங்களில் நீங்கள் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. ஈரத்துணி மூட்டையைத் தனியாளாகத் தூக்கிப் போட்டவர் நீங்கள். அடுத்த மாதமே போய்விட்டீர்கள்.

அவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் எப்போதாவது கேட்கிறான். போன வாரமும் கேட்டான்: "ஏனுங்கம்மா, மாமாவுக்கு நெசமாலுமே அப்பவே வலி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு கண்ணு. நாந்தான் ஆருக்குந் தெரியாம ஒத்தடம் குடுத்தேன்" என்றேன்.