கோமதி அக்காவின் அளவு ஜாக்கெட்

என் பிரியத்துக்குரிய கோமதி அக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். நீ ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவள், நான் டெய்லர். இப்போது நீ இருந்த வீட்டில் நான் இருக்கிறேன். உன் வீட்டுக்காரர் எனக்கும் வீட்டுக்காரர். இன்றைக்கு உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. மரியாதை கொடுத்துச் சண்டை போட எனக்கு வராது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

என் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவருடைய பைக் ஒர்க்‌ஷாப்பும் ஓடுகிறது. என் மகள் அபி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன் படத்துக்குத் தினமும் பூ வைப்பது அவள்தான். உன்னைப் 'பெரியம்மா' என்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ வந்தால் உனக்கு மல்லிகை கிடையாது, பிச்சிதான்.

பார், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுகிறேன். உன் மகள் மகா இப்போது நம் வீட்டில் இல்லை அக்கா.

நீ கடைசியாக ஒரு பச்சைத் துணியைக் கொண்டு வந்து கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? கூடவே உன் அளவு ஜாக்கெட்டையும் வைத்துவிட்டுப் போனாய். மகாவின் யூனிபார்மும் அன்றைக்குத்தான் தைக்கக் கொடுத்தாய். "உள்ள நல்லா துணி விட்டுத் தைங்க, வளருத பிள்ளை. இவ காலேஜுக்குப் போற வரைக்கும் நான் யூனிபார்ம் பிரிச்சுப் பிரிச்சு விடணும்லா" என்று சிரித்தாய். எட்டாம் வகுப்புப் பிள்ளை, வெட்கப்பட்டு உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தாய். திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். நீ நடந்து திரும்பி வரவில்லை.

அவர் என் கடை வாசலில் வந்து நின்றதைத்தான் மறக்க முடியவில்லை. "கோமதி ஒரு ஜாக்கெட் குடுத்திருந்தாளே, ஆயிட்டா? அவளுக்குப் போடணும்" என்றார். ஊக்கு மட்டும் பாக்கி இருந்தது. அவர் வாசல் படியில் உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வோர் ஊக்காக வைத்துத் தைத்தேன். விரலில் ஊசி ஏறியது. பூவும் பொட்டும் அந்தப் பச்சை ஜாக்கெட்டுமாக நீ போனாய். அளவு ஜாக்கெட் என்னிடமே தங்கிவிட்டது. செத்தவர்களின் அளவை வைத்திருக்கக் கூடாது என்பார்கள். எனக்குத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். என்னைக் கட்டியவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு கைப்பிள்ளையோடு கிடந்தேன். நீ போய் இரண்டு வருஷம் கழித்து உன் வீட்டுக்காரருடைய அக்கா, நம் மதினிதான், வந்து பெண் கேட்டாள். கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அன்றைக்கு மகா பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள். பச்சை ஏன் என்று எனக்கு மட்டும் புரிந்தது.

அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை அக்கா. சித்தி என்றும் சொன்னதில்லை. 'இந்தாங்க', 'கேட்டீங்களா', 'அப்பா கூப்பிடுதாங்க', இவ்வளவுதான். ஒரே வீட்டில் பேர் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?

இந்த வருஷம் ஒரு படம் வந்தது. மனைவியை இழந்த ஒருத்தன், புருஷன் இல்லாத ஒருத்தி, ஆளுக்கு ஒரு பிள்ளை. மலைமேல் காதலிக்கிறார்கள். மகா பிளஸ் டூ, படிக்கட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை, நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். "நம்ம கத மாதிரியே இருக்காம். பிள்ளை பாக்கட்டும்" என்றார். நம் கதையில் மலை எங்கே இருக்கிறது, காதல்தான் எங்கே இருக்கிறது? ஒர்க்‌ஷாப் கிரீஸும் நூல் பிசிறும்தான்.

அந்தப் படத்தில் கடைசியில் புதுப் பெண்டாட்டி செத்துப்போனவளின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். முறைத்துக்கொண்டே இருந்த பிள்ளை ஓடி வந்து 'அம்மா' என்று கட்டிப்பிடிக்கும். ஒரு பாட்டு. தியேட்டரே அழுதது. அவரும் அழுதார். ஏன், நானும்தான் அழுதேன். மகா மட்டும் கையில் இருந்த பாப்கார்னைத் தின்று முடித்தாள்.

திரும்பி வரும்போது அபி, "அக்கா, படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அதுல செத்துப்போனவங்க படத்துல சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. அவங்ககிட்ட யாருமே ஒண்ணும் கேக்கல" என்றாள் மகா. அவர் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் ஏறியிருக்காது.

உன் திதி வந்தது. வழக்கம் உனக்குத் தெரியும். சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச் சேலையும் ஜாக்கெட்டும் எடுத்து, பூவும் வளையலும் வைத்துப் படைத்து, கும்பிட்டு முடித்ததும் வீட்டில் இருக்கிற மனைவி அதை உடுத்த வேண்டும். முந்தின வருஷம் ஜாக்கெட் துணியைத் தைக்காமலே வைத்துவிட்டோம். இந்த வருஷம் அவருக்குப் படம் தலைக்கேறியிருந்தது. "தச்சே வையி இசக்கி. நீ அதக் கெட்டிக்கிட்டு வந்து நிக்கையில பிள்ளை மனசு மாறும்" என்றார். நானும் நம்பித் தைத்தேன்.

எந்த அளவுக்குத் தைத்தேன் என்று கேள். என் அளவுக்கு. உடுத்தப்போவது நான்தானே என்று கத்தரிக்கோல் அதன்போக்கில் போய்விட்டது. வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. டெய்லர் வீட்டில்தான் நடக்கும்.

படையல் போட்டு மதினி சூடம் காட்டினாள். மகா கும்பிட்டுவிட்டு ஜாக்கெட்டைக் கையில் எடுத்தாள். விரித்தாள். இடுப்புப் பட்டியைத் தன் கையால் ஒரு சாண் வைத்துப் பார்த்தாள். நீ ஒல்லி, நான் எப்படி என்று ஊருக்கே தெரியும்.

"இது எங்க அம்மாவுக்கு வச்ச துணி இல்ல. உங்களுக்கு நீங்களே வச்சுக் கும்பிட்டுக்கிட்டீங்க."

கத்தவில்லை. மடித்துத் திரும்ப வைத்தாள். மறுநாள் காலையில் புத்தகப் பையோடு திருவேங்கடத்துக்கு, உன் அண்ணன் வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்துதான் பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள். நீ ஏன் அன்றைக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை? படத்துக்குள் சிரித்துக்கொண்டுதானே இருந்தாய்?

இனிமேல்தான் உன்னிடம் சண்டை. உன் அண்ணன் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். உன் அண்ணிக்குத் தம்பி ஒருத்தன், சென்னையில் கடையில் வேலை பார்க்கிறானாம். பரீட்சை முடிந்ததும் கல்யாணம். பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லை. "தாயில்லாப் பிள்ளை, காலாகாலத்துல ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்தாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்கிறார்களாம். யாருக்கு நிம்மதி அக்கா?

நம் வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். "தாய்மாமன் முடிவு பண்ணிட்டான். நாம தடுத்தா, சித்திக்காரி பிள்ளை வாழ்க்கையக் கெடுத்துட்டான்னுதான் ஊரு பேசும்" என்றார். "பேசட்டுமே. ஊரா வந்து சோறு போடுது?" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார். நீ எப்படி இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தினாய்? நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் பசை தடவுகிற ஆள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகா கடைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே வரவில்லை, கவுண்டருக்கு அந்தப்பக்கமே நின்றாள். சிவப்புப் பட்டுத் துணி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"டெய்லர் அக்கா, இத ஜாக்கெட் தைக்கணும்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த நாளில் அப்படித்தான் கூப்பிடுவாள். இத்தனை நாள் கழித்து எனக்கு ஒரு பேர் கிடைத்தது, அதுவும் அந்தப் பழைய பேர். அளவெடுக்க டேப்பை எடுத்தேன். ஓரடி பின்னால் போனாள்.

"அளவு எடுக்காண்டாம். எங்க அம்மா அளவு ஜாக்கெட் உங்ககிட்டதான இருக்கு? அத வச்சுத் தைங்க. எனக்கு அதுதான் சரியா இருக்கும்."

பெட்டிக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது அக்கா. தோள், கை, இடுப்பு எல்லாம். நீயே வந்து நின்ற மாதிரி இருந்தது. முகத்தை அதில் புதைத்து மோந்து பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன வாசனை இருக்கும்? என் பெட்டியின் நாப்தலின் உருண்டைதான்.

"ஏட்டி மகா, உனக்கு இதுல சம்மதமா?" என்று கேட்டேன்.

"ம்."

"என்னயப் பாத்துச் சொல்லு. நீ காலேஜுக்குப் போகணும்னு உங்க அம்மா இதே இடத்துல நின்னு..."

"எங்க அம்மா சொன்னத நீங்க சொல்லாதீங்க" என்றாள். தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு அவளாகவே பேசினாள். "மாமா வீட்ல நான் விருந்தாளி. அத்தை தெனமும் சோறு போடும்போது அத ஞாபகப்படுத்துதாங்க. அப்பா வீட்ல, படம் பாக்கப் போன மாதிரி ஓரமா உக்காந்திருந்தேன். எனக்குன்னு ஒரு வீடு வேணும். அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன், தச்சு வையிங்க."

அவளுக்கு ஆசை இல்லை. போக்கிடம் இல்லை. இது சம்மதமா அக்கா?

நாளைக்கு அந்த வெள்ளிக்கிழமை. துணி மேஜைமேல் கிடக்கிறது, பக்கத்தில் உன் அளவு ஜாக்கெட். இதைத் தைத்துக் கொடுத்தால் அவள் எனக்குக் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்புவாள், ஒருவேளை பிறகு பிள்ளைத்துணி தைக்கவும் வருவாள். டெய்லர் அக்கா என்ற அந்த ஓர் ஒட்டாவது மிஞ்சும். தைக்க மாட்டேன் என்றால் அதுவும் அறுந்துவிடும். படத்தில் வரும் பெண்ணுக்கு இப்படி ஓர் இடம் வரவில்லை. அவளுக்குச் சேலை கட்டத்தான் வேலை இருந்தது.

நான் முடிவு பண்ணிவிட்டேன். நாளைக்கு அவள் வரும்போது துணியை மடித்தது மடித்தபடி திருப்பிக் கொடுப்பேன். அதற்கு முன்னாலேயே காலையில் திருவேங்கடம் போய் உன் அண்ணன் வாசலில் நின்று பேசுவேன். 'நீ யாரு கேக்க?' என்பார், கேட்கட்டும். அவர் இறங்கி வரவில்லை என்றால் தாலுகா ஆபீசில் போய் எழுதிக் கொடுப்பேன். கல்யாணத்தை நிறுத்திய சித்தி என்று ஊர் என்னைப் பேசும். நம் வீட்டுக்காரரும் பேச மாட்டார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மகா காறித் துப்புவாள். நம் வீட்டுக்குத்தான் திரும்பி வருவாள் என்று நான் நம்பவும் இல்லை. எங்கேயாவது ஹாஸ்டலில் இருந்து படித்தாலும் சரி, என்னை நினைத்துக் கோபத்தில் படித்தாலும் சரி.

அன்றைக்கு என் அளவுக்குத் தைத்து அவளை இழந்தேன். இன்றைக்கு உன் அளவுக்குத் தைத்து அவளை அனுப்ப மாட்டேன். இருபத்தைந்து வயதில், அவளே ஆசைப்பட்டு, அவளே துணி எடுத்துக்கொண்டு வந்து நிற்கட்டும். அன்றைக்கு அவள் அளவை எடுத்து, உள்ளே நல்லா துணி விட்டுத் தைப்பேன். என்னிடம் வராமல் வேறு டெய்லரிடம் போனாலும் எனக்குச் சம்மதம். உனக்கு இது சத்தியம்.

உன் மகளுக்குப் பிடிக்காதவளாகவே சாகப்போகிற,
உன் தங்கச்சி
இசக்கியம்மாள்